கேளுங்க சொல்றேன்: காலைப் பிடித்தால் சர்க்கரை குறையுமா?

போன இதழில் போகிற போக்கில் ‘ரிஃப்ளெக்சாலஜி’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டேன். உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ளங்காலில் ஒரு புள்ளி இருக்கிறது, அதை அழுத்தினால் அந்த உறுப்பின் கோளாறு தீரும் என்கிற வைத்தியம் அது. அவ்வளவுதான், கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டன. மதுரையிலும் சுற்றுப்பட்டி ஊர்களிலும் இத்தனை பேர் உள்ளங்காலை யாரிடமோ நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது எனக்கே புதுச் சேதி. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு மிச்சத்துக்குப் பதில் சொல்கிறேன். எப்போதும் சொல்வதுதான்: நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். 22 வருடமாக இந்த ஊர்க்காரர்களின் முட்டியையும் முதுகையும் குதிகாலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மாமியாருக்கு 67 வயது. 14 வருடமாகச் சுகர், கூடவே பிரஷர். எங்கள் ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பாத சிகிச்சை மையத்துக்கு இரண்டு மாதமாகப் போகிறார். ஒரு சிட்டிங் 500 ரூபாய். ‘கணையப் புள்ளியைத் தூண்டிவிட்டால் இன்சுலின் தானாகச் சுரக்கும், 20 சிட்டிங் முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாம்’ என்கிறார்கள். அத்தை இப்போதே ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டார். ஆனால் பல வருடமாக இருந்த கால் எரிச்சல் குறைந்திருக்கிறது என்கிறார், நன்றாகத் தூங்கவும் செய்கிறார். நான் வேண்டாம் என்றால் மருமகள் காசுக்குப் பார்க்கிறாள் என்றாகிவிடும். என்ன செய்ய?
- வாசகி, திருமங்கலம்

காசை விடுங்கள், முதலில் மாத்திரை. நாளைக் காலையிலேயே வெறும் வயிற்றில் சுகர் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய், இத்தனை நாளாக ராத்திரி மாத்திரை போடவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார். பரவாயில்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டையும் எடுத்துவிட்டால், இந்த 500 ரூபாய் சிட்டிங்குகள் சர்க்கரையை என்ன செய்தன என்பது ஒரு தாளில் வந்துவிடும். அத்தைக்கும் உங்களுக்கும் நடுவில் வாக்குவாதமே வேண்டியதில்லை, அந்தத் தாள் பேசும்.

கணையம் வயிற்றுக்குள் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளங்காலின் நடுக்குழிவில் இருந்து அதற்கு நேராக ஓடும் நரம்பு கிடையாது. காலை அழுத்தினால் அந்தச் சேதி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகும், யாரோ காலைப் பிடிக்கிறார்கள், இதமாக இருக்கிறது என்று மூளை தெரிந்துகொள்ளும். மனசு இளகும், தூக்கம் வரும். இதெல்லாம் நிஜம். இன்சுலின் சுரக்கும் என்பதுதான் கதை. ‘இந்த மருந்து சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்று விளம்பரம் செய்வதற்கே நம் நாட்டில் 1954-ம் வருடத்துச் சட்டப்படி தடை இருக்கிறது. மருந்துக்கே அப்படி என்றால் கட்டைவிரல் அழுத்தத்துக்கு என்ன சொல்ல?

இப்போது எனக்கு நிஜமாகவே கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். எரிச்சல் குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரையால் காலில் நரம்பு கெட ஆரம்பிக்கும்போது எரியும், ஊசி குத்தும், எறும்பு ஊரும். நரம்பு இன்னும் கெட்டுப்போனால் அதுவும் நின்றுவிடும். வலி போய்விட்டது என்று நாம் சந்தோஷப்படுகிற நேரத்தில் காலில் சொரணை போயிருக்கும். உங்கள் அத்தைக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அத்தையைக் கட்டிலில் கால் நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொள்ளட்டும். எந்தக் கால் வலது, எந்தக் கால் இடது என்று ஒரு தடவை தொட்டுக் காட்டிவிட்டு, உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றின் நுனியையும் இறகு பட்ட மாதிரி ஒன்றிரண்டு விநாடி தொடுங்கள். குத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொட்டது தெரிந்ததும் ‘வலது’, ‘இடது’ என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டு காலுமாக ஆறு விரல். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்டுபிடித்த சோதனை இது. பைசா செலவில்லை, சுகர் இருக்கும் எல்லா வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

உணர்ச்சி குறைந்த காலில், புள்ளிகளை அழுத்த வைத்திருக்கும் மரக்கட்டையால் அழுத்தினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாலு வருடம் முன்பு ஒரு பெரியவர் என்னிடம் முட்டி வலிக்கு வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். இடது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்துக் கன்றிப்போயிருந்தது. சுற்றிலும் தோல் தடித்து மஞ்சளாக, நடுவில் விரலை வைத்தால் உள்ளே நீர் கோத்தது தெரிந்தது. ‘என்னங்கய்யா இது?’ என்றேன். ‘அதுவா, புள்ளி அழுத்தினாங்க, வலிச்சாத்தான் கெட்டது வெளியேறுதுனு சொன்னாங்க, எனக்குத்தான் வலிக்கவே இல்லையே, அதனால நல்லா அழுத்தச் சொன்னேன்’ என்றார். வலிக்கவில்லை என்பதால் இன்னும் பலமாக அழுத்தியிருக்கிறார்கள்! அன்றைக்கே அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கால் தப்பியது, ஆனால் புண் ஆறுவதற்கு நாலு மாதமானது.

சரி, அத்தை ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று யோசித்தீர்களா? 67 வயதில் ஒரு மனுஷி. அவர் காலில் எத்தனையோ பேர் விழுந்து கும்பிட்டிருப்பார்கள், அந்தக் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டவர் எத்தனை பேர்? வாரம் இரண்டு தடவை 40 நிமிடம் ஒருத்தர் அவர் காலைக் கையில் ஏந்தி, ‘இங்க வலிக்குதாம்மா, அங்க வலிக்குதாம்மா’ என்று கேட்கிறார். எனக்கே போகத் தோன்றுகிறது. அதைப் பிடுங்காதீர்கள். ‘போங்கத்தை, ஆனா மாத்திரை போட்டுட்டுப் போங்க, கட்டை வேண்டாம், கையால பையப் பிடிக்கச் சொல்லுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். விரல் சோதனையில் தவறினால் மட்டும் அதுவும் வேண்டாம், டாக்டர் காலைப் பார்க்கிற வரைக்கும். இல்லையென்றால் நீங்களே ராத்திரி கால்மணி நேரம் பிடித்துவிடலாம், மாதம் 4,000 ரூபாய் மிச்சம். மருமகள் காசுக்குப் பார்க்கிறாள் என்ற பேச்சும் அதோடு போய்விடும்.

கேள்வி: செல்லூரில் விசைத்தறியில் வேலை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் சிமெண்ட் தரையில் நிற்பேன், நடப்பேன். காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. நண்பர் ஒருவர் பாதப் படத்தைக் காட்டி, குதிகால் என்றால் இடுப்பு நரம்பு, அங்கேதான் கோளாறு என்கிறார். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றும் சொன்னார்கள்.
- வாசகர், மதுரை

குதிகால் வலித்தால் குதிகாலைத்தான் முதலில் பார்க்க வேண்டும், இடுப்பை இல்லை. உள்ளங்காலில் குதிகால் எலும்பில் தொடங்கி விரல்கள் வரைக்கும் தறியில் பாவு இழுத்துக் கட்டின மாதிரி ஒரு தடித்த ஜவ்வு ஓடுகிறது. நாள் பூராவும் கட்டாந்தரையில் நின்றால் அது குதிகாலோடு ஒட்டுகிற இடத்தில் நைந்துபோகிறது. ராத்திரி சுருங்கிக் கிடந்துவிட்டுக் காலையில் திடீரென்று உடம்புப் பாரம் ஏறும்போதுதான் அந்த ஆணி. நாலு அடி நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும். சரிதானே? எலும்பு வளர்ந்திருப்பதைப் பற்றி அலட்டிக்கொள்ளாதீர்கள், வலியே இல்லாத எத்தனையோ பேர் காலிலும் அது உண்டு.

கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, வலிக்கிற காலை மற்ற முட்டி மேல் போட்டு, கையால் ஐந்து விரலையும் முன்னங்கால் பக்கமாக வளைத்து இழுங்கள். உள்ளங்கால் விண்ணென்று தெறிக்கும். பத்து எண்ணும் வரை பிடித்துவிட்டு விடுங்கள். இப்படிப் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சாயங்காலம் ஒரு தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டு, துண்டு சுற்றி உள்ளங்காலுக்கு அடியில் ஐந்து நிமிடம் உருட்டுங்கள் (சுகர் இருந்தால் ஐஸ் கூடாது). தறிக்குப் போகும்போது வெறுங்கால் வேண்டவே வேண்டாம், மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலாளி தறிக்கூடத்தில் செருப்புக் கூடாது என்றால் உள்ளே போட்டுக்கொள்ள மட்டும் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். இது ஆற மாதக் கணக்காகும், சில பேருக்கு வருடம்கூட ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, வீங்கிச் சூடாக இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் நண்பர் குதிகாலை அமுக்கிவிடுகிறார் என்றால் தாராளமாக அமுக்கட்டும். இறுகின ஜவ்வுக்கு நல்லதுதான். படத்தை மட்டும் மடித்து வைத்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: இது 5,000 வருடத்துச் சீன வைத்தியம் என்கிறார்கள், எகிப்தில் பிறந்தது என்றும் படித்தேன். எது உண்மை? காலைத் தொட்டே கிட்னி சரியில்லை, லிவர் சரியில்லை என்று சொல்லிவிடுகிறார்களே, அது எப்படி?
- கல்லூரி மாணவி, சோழவந்தான்

எகிப்தில் சக்காரா என்ற இடத்தில், அங்க்மஹோர் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் ஒரு சிற்பம் இருக்கிறது. நாலாயிரம் வருடத்துக்கும் மேல் பழசு. ஒருவர் இன்னொருவரின் காலையும் கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ செய்கிறார். நகம் வெட்டுகிறாரா, பிடித்துவிடுகிறாரா, கடவுளுக்கே வெளிச்சம். இதை வைத்துத்தான் எகிப்துக் கதை. மனுஷன் காலை மனுஷன் பிடித்துவிடுவது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் உண்டு, நம் சித்த மருத்துவத்திலேயே தொக்கணம் என்று ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று போகும். வர்மத்திலும் பாதத்தில் இடங்கள் உண்டு, அது வேறு கணக்கு. சீனத்து அக்குபங்க்சர் புள்ளிகளும் வேறு.

நீங்கள் கேட்கிற, உள்ளங்காலில் உடம்பு முழுவதையும் வரைந்த அந்தக் கலர் படம் இருக்கிறதே, அதற்கு நூறு வயதுகூட முழுசாக ஆகவில்லை. அமெரிக்காவில் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர், உடம்பைத் தலையில் இருந்து கால் வரைக்கும் நெட்டுக்குத்தாகப் பத்துப் பட்டைகளாகப் பிரித்து, ஒரு பட்டையில் எங்கே அழுத்தினாலும் அதே பட்டையில் இன்னோர் இடம் மரத்துப்போகும் என்று 1917-ல் புத்தகம் போட்டார். விரலில் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றுவது, சீப்பை அழுத்திப் பிடிப்பது என்று அவர் வழிகள் விசித்திரமானவை. அதை எடுத்துப் பாதத்தில் மட்டும் நிறுத்தி, பெருவிரல் என்றால் தலை, விரலுக்குக் கீழ்ச் சதை என்றால் நெஞ்சு, குழிவு என்றால் வயிறு, உள்விளிம்பு என்றால் முதுகெலும்பு என்று 1930-களில் படம் போட்டவர் யூனிஸ் இங்ஹாம் என்ற பிசியோதெரபிஸ்ட், என் தொழில்காரர். 1938-ல் அவர் புத்தகம் வந்தது. தைவானில் இதை ஊர் ஊராகப் பரப்பியவர் ஒரு சுவிட்சர்லாந்துப் பாதிரியார், ஜோசஃப் யூக்ஸ்டர். சீன வைத்தியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் இவ்வளவு வெள்ளைக்காரர்கள்!

காலைத் தொட்டு நோய் சொல்வது பற்றி என் சொந்த வெட்கக்கதை ஒன்று உண்டு. படிப்பு முடித்த புதிதில், ஒரு சனி ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்து ரிஃப்ளெக்சாலஜி சர்ட்டிஃபிகேட் ஒன்று வாங்கினேன். அடுத்த வாரமே கழுத்து வலிக்கு வந்த ஒருவரின் உள்ளங்காலை அழுத்திப் பார்த்தேன், நடுவில் ஓரிடத்தில் ‘ஆ’ என்றார். கிட்னிப் புள்ளி! ‘எதுக்கும் கிட்னியைப் பாத்துக்குங்க’ என்று பெரிய இவள் மாதிரி சொல்லி அனுப்பிவிட்டேன். மனுஷர் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அந்தக் காலத்தில் 3,000 ரூபாய் செலவழித்துவிட்டு வந்து ரிப்போர்ட்டை என் மேஜையில் வைத்தார். ஒரு கோளாறும் இல்லை. அவர் கண்டக்டர், நாள் பூராவும் பஸ்ஸில் காலை ஊன்றி நின்று அந்த இடம் கன்றியிருக்கிறது. அதற்கப்புறம் அந்தச் சர்ட்டிஃபிகேட்டை நான் மாட்டவில்லை.

யோசித்துப் பாருங்கள், 50 வயதுக்கு மேல் யார் உள்ளங்காலில் பத்து இடம் அழுத்தினாலும் மூன்று இடமாவது வலிக்கும். 50 வயதுக்கு மேல் யாருக்கும் ஏதாவது ஒரு கோளாறும் இருக்கும். இரண்டையும் முடிச்சுப் போடுவது சுலபம். 2000-ல் இங்கிலாந்தில், என்ன நோய் என்று சொல்லாமல் 18 பேரின் கால்களை மட்டும் இரண்டு ரிஃப்ளெக்சாலஜிக்காரர்களுக்குக் காட்டிப் பார்த்தார்கள். நோயைச் சரியாகச் சொல்ல முடியவில்லை, இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுக்கொன்று ஒத்தும் போகவில்லை. நோயைக் குணமாக்குமா என்பதற்கு நடந்த 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் ஒரு மதிப்பீடு வந்தது: எந்த நோய்க்கும் உறுதியான ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலியாவில் அரசாங்கமே ஆராய்ந்து பார்த்துவிட்டு, 2019 ஏப்ரல் முதல் தேதியில் இருந்து தனியார் மருத்துவக் காப்பீட்டுப் பட்டியலில் இருந்தே இதை எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: மெட்டி போடும் இரண்டாவது விரலில் கர்ப்பப்பை நரம்பு இருக்கிறது, அதை அழுத்தத்தான் முன்னோர்கள் மெட்டி வைத்தார்கள் என்று என் அம்மா சொல்கிறார். எனக்கு மெட்டி போட்டால் விரலிடுக்கில் அரிக்கிறது. கழற்றி வைக்கலாமா?
- புதுமணப்பெண், மேலூர்

கழற்றி வையுங்கள். அரிப்பு இருந்தால் அடியில் படை வந்திருக்கும், ஸ்கின் டாக்டரிடம் காட்டி ஆறின பிறகு போட்டுக்கொள்ளலாம். மெட்டி அழகுக்கும் வழக்கத்துக்கும் போடுவது, அது போதாதா? அதற்கு விஞ்ஞானச் சான்றிதழ் எதற்கு? இரண்டாம் விரலின் நரம்பு காலில் ஏறி, சியாட்டிக் நரம்போடு சேர்ந்து தண்டுவடத்துக்குப் போகிறதே தவிர, கர்ப்பப்பைக்குக் கிளை விடுவதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ரிஃப்ளெக்சாலஜிக்காரர்களின் படத்தை எடுத்துப் பார்த்தாலும் கர்ப்பப்பை இரண்டாம் விரலில் இல்லை, உள்கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டாம் விரல் அவர்களுக்குக் கண்! அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அப்புறம், நாளை உண்டாகியிருக்கும்போது கால் வீங்கினால் மெட்டி விரலை இறுக்கிவிடும், தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்குப் போய் வெட்டி எடுக்கிற நிலைமைக்கு விடாமல் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பார்க்கில் கூழாங்கல் பதித்த பாதையில் வெறுங்காலோடு நடக்கிறேன், எட்டு வடிவில் சுற்றிச் சுற்றி நடந்து எட்டும் போடுகிறேன். பலன் உண்டா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், அண்ணா நகர், மதுரை

உண்டு சார், ஆனால் போர்டில் எழுதியிருக்கும் காரணத்துக்காக இல்லை. கல் குத்துவதால் கல்லீரல் வேலை செய்யும் என்பதெல்லாம் விடுங்கள். மேடு பள்ளமான தரையில் நடக்கும்போது கணுக்காலும் பாதத்தின் சின்னச் சின்னத் தசைகளும் ஒவ்வோர் அடிக்கும் சுதாரிக்க வேண்டியிருக்கிறது, அது நல்ல பயிற்சி. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 60 வயது தாண்டிய 108 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2005-ல் வெளியானது. பாதிப் பேர் ஆற்றுக்கல் மாதிரி செய்த விரிப்பில் நடந்தார்கள், மிச்சப் பேர் சாதாரணமாக நடந்தார்கள். 16 வாரத்தில் கல்லில் நடந்தவர்களுக்கு உடம்பின் சமநிலையும் ரத்த அழுத்தமும் கூடுதலாகத் தேறியிருந்தன. எட்டு போடுவதும் அப்படித்தான், திரும்பித் திரும்பி நடக்கிற பழக்கம் வயதானவர்களுக்குக் கீழே விழாமல் இருக்க உதவும். சாதாரண நடையை விட்டுவிட்டு எட்டு மட்டும் போடாதீர்கள்.

சுகர் இருந்தால் வெறுங்கால் கூடாது. பார்க் மட்டும் இல்லை, கோயிலும்தான். மதியம் பன்னிரண்டு மணிக்குச் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, சாயங்காலம் உள்ளங்கால் பூராவும் கொப்புளத்தோடு வந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன், சுட்டதே அவர்களுக்குத் தெரியவில்லை. காலையில் வெள்ளென போங்கள், மீனாட்சி அப்போதும் அங்கேதான் இருப்பாள்.

கேள்வி: அதிருகிற கால் மசாஜ் மெஷின், காந்தச் செருப்பு வாங்கலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

மெஷின் அலுப்புக்கு நன்றாகத்தான் இருக்கும். நரம்புச் சுருட்டல், காலில் ரத்தக்கட்டி வந்த சரித்திரம், சுகரால் மதமதப்பு, கர்ப்பம், இதில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். காந்தச் செருப்பு தண்டம். அந்தக் காசுக்கு நல்ல செருப்பாக இரண்டு ஜோடி வரும்.

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் மூன்று மாத ரிஃப்ளெக்சாலஜி டிப்ளமோ சேர ஆசைப்படுகிறாள். பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாம் என்கிறார்கள்.
- வாசகி, வாடிப்பட்டி

போடக் கூடாது. மூன்று மாதத்தில் யாரும் டாக்டர் ஆக முடியாது. கையால் தொட்டுச் செய்கிற வேலை பிடித்திருந்தால் பிசியோதெரபி படிக்கட்டும், இல்லை இயற்கை மருத்துவத்துக்கு ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது, அரசுக் கல்லூரியே உண்டு. அழகு நிலையத்திலோ ஓட்டலிலோ பாத மசாஜ் செய்யக் கற்றுக்கொள்கிறாள் என்றால் அதுவும் கௌரவமான வேலைதான், அந்தப் பெயரிலேயே கற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று ஏற்றியாகிவிட்டது. அசதி தாங்க முடியவில்லை, ஒரு நாள் பூராவும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். சித்தி ஒருவர், கீமோவை நிறுத்திவிட்டு ரிஃப்ளெக்சாலஜிக்கு வாருங்கள் என்கிறார். அண்ணன் அதெல்லாம் மூடநம்பிக்கை, காலையே தொடக் கூடாது என்கிறான். நான் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.
- மகள், அலங்காநல்லூர்

சித்தி சொல்வதும் தப்பு, அண்ணன் சொல்வதும் தப்பு. துணை சிகிச்சை என்பது வேறு, மாற்று சிகிச்சை என்பது வேறு. கீமோ நடக்கிறபோது கூடவே காலைப் பிடித்துவிட்டால் அது துணை. கீமோவைத் தள்ளிவிட்டுக் காலைப் பிடித்தால் அது மாற்று. அந்த இரண்டாவது வழியில் போய்விட்டு, கட்டி பரவின பிறகு திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை. சித்தி வந்தால் காபி கொடுங்கள், கீமோத் தேதியை மட்டும் மாற்றாதீர்கள்.

காலைத் தொடுவதற்கு வருகிறேன். மார்பகப் புற்று முற்றிய நிலையில் இருந்த 385 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2012-ல் வெளியானது. ஒரு பகுதியினருக்குத் தேர்ந்தவர்கள் ரிஃப்ளெக்சாலஜி செய்தார்கள், இன்னொரு பகுதிக்குப் புள்ளி கிள்ளி எதுவும் தெரியாதவர்கள் சும்மா காலைப் பிடித்துவிட்டார்கள், மூன்றாவது பகுதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ரிஃப்ளெக்சாலஜி செய்துகொண்டவர்களுக்கு மூச்சுத் திணறல் குறைந்தது, நடப்பது, படி ஏறுவது கொஞ்சம் சுலபமானது. வலி, குமட்டல், மனச்சோர்வில் வித்தியாசம் இல்லை. ஆனால் அசதி? சும்மா காலைப் பிடித்துவிட்ட பகுதியில்தான் அது நன்றாகக் குறைந்திருந்தது. நான் இதைப் படித்த அன்றைக்குச் சிரித்தேன், அப்புறம் சிரிக்கத் தோன்றவில்லை. படம் பார்த்துப் பழகாத கை போதும் என்றுதான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கை போதும்.

அடுத்த தடவை கீமோவுக்குப் போகும்போது டாக்டரிடமோ நர்ஸிடமோ, காலைப் பிடித்துவிடலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிளேட்லெட் குறைந்திருந்தால் லேசாக அழுத்தினாலும் கன்றிப்போகும். சில கீமோ மருந்துகள் விரல் நுனிகளை மரத்துப்போக வைக்கும், அப்போது தடவுவதோடு சரி, அழுத்தம் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சதை வலித்துச் சூடாக இருந்தால் கையே வைக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், பிடித்துவிட்டால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகிற ஆபத்து இருக்கிறது. புற்றுநோய்க்காரர்களுக்கு இது மற்றவர்களை விடக் கூடுதலாக வரும்.

இதெல்லாம் இல்லையென்றால், ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் போகட்டும். தலையணை ஒன்றை உங்கள் மடியில் வைத்து அதன் மேல் அம்மாவின் காலை வையுங்கள். நல்லெண்ணெய் அரை ஸ்பூன், உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கீமோ நேரத்தில் நல்லெண்ணெய் வாசமே சில பேருக்குக் குமட்டும், அப்படியென்றால் வாசமில்லாத தேங்காய் எண்ணெய். முதலில் இரண்டு கையாலும் பாதத்தைச் சும்மா பிடித்துக்கொண்டிருங்கள், ஒன்றும் செய்யாமல், ஒரு நிமிடம். அப்புறம் குதிகாலில் தொடங்கிக் கட்டைவிரலால் மேல்நோக்கி மெதுவாக, சப்பாத்தி மாவின் மேல் விரல் பதிகிற அளவு அழுத்தம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகப் பிடித்து லேசாக இழுத்து விடுங்கள். ஒரு காலுக்குப் பத்து நிமிடம். பேச விருப்பம் இருந்தால் அம்மா பேசுவார், இல்லையென்றால் நீங்களும் பேச வேண்டாம், டிவியை மட்டும் அணைத்துவிடுங்கள். அண்ணனையும் கூப்பிட்டு இன்னொரு காலைக் கொடுங்கள்.

முடிந்ததும் பழைய துண்டால் விரலிடுக்கு வரைக்கும் எண்ணெயை ஒற்றி எடுத்துவிடுங்கள். எண்ணெய்க் காலோடு மொசைக் தரையில் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போனால் வழுக்கிவிடும்.